சப்வூஃபருக்காக ஸ்டீரியோ ஆம்பை பிரிட்ஜ் செய்வது எப்படி?

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நெல்லைக்காரர்களுக்கு, வீட்டு ஸ்பீக்கரில் குடத்தின் அடி தட்டையாகக் கேட்டால் மனசு ஒப்பாது. சும்மா கிடக்கும் ஸ்டீரியோ ஆம்பின் (ஆம்ப்ளிஃபயர்) இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒரே சேனலாகச் சேர்த்து, அதில் அடித்தொனிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்றை ஓட்டலாம்.

முதலில் ஆம்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிட்ஜ் என்று எழுதிய சுவிட்ச் இருக்க வேண்டும், அல்லது இரண்டு சிவப்பு முனைகளை இணைத்துக் கோடு போட்டு அப்படி எழுதியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த ஆம்பைத் தொடாதீர்கள். டிபிஏ3116 சிப் போட்ட சின்ன ஸ்டீரியோ போர்டுகளில் ஒவ்வொரு சேனலும் உள்ளேயே பிரிட்ஜ்தான், அவற்றை மறுபடி பிரிட்ஜ் செய்ய முடியாது. பழைய அசெம்பிள் செட்டுகளில் இருக்கும் எல்ஏ4440 ஐசி ஸ்டீரியோவில் சேனலுக்கு 6 வாட், பிரிட்ஜில் 19 வாட் தரும். ஆனால் அதற்கு சர்க்யூட்டையே மாற்ற வேண்டும், சாலிடரிங் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓம்ஸ், அதாவது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. இங்கே அவசரப்படவே கூடாது. பிரிட்ஜில் ஒரு சேனல் தள்ளும்போது மற்றது இழுக்கும். அதனால் ஸ்பீக்கருக்கு இரு மடங்கு வோல்டேஜ் போகும், கரண்டும் இரு மடங்காகும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் ஒவ்வொரு சேனலுக்கும் 4 ஓம்ஸ் போலத்தான் தெரியும். 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டினால் அது 2 ஓம்ஸ் ஆகிவிடும், பெரும்பாலான வீட்டு ஆம்ப் அதைத் தாங்காது. கணக்குப்படி பவர் நான்கு மடங்கு வர வேண்டும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரும் சூடும் அவ்வளவு விடாது. மல்டிமீட்டரில் 8 ஓம்ஸ் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், பயப்பட வேண்டாம்.

சரி, இப்போது இணைப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு சுவிட்சை பிரிட்ஜுக்குத் தள்ளுங்கள். பாட்டு வரும் கருவியின் சப்வூஃபர் அவுட்டிலிருந்து வரும் வயரை ஆம்ப் சொல்லும் ஒரே இன்புட்டில் மட்டும் மாட்டுங்கள். ஸ்பீக்கரின் பிளஸ் ஒரு சிவப்பு முனைக்கு, மைனஸ் இன்னொரு சிவப்புக்கு. எது எதற்கு என்பதை ஆம்பில் உள்ள குறியைப் பார்த்து மாட்டுங்கள். கறுப்பு முனைகள் காலியாகவே இருக்கட்டும். பிரிட்ஜில் இரண்டு வயரிலுமே சிக்னல் ஓடுகிறது. ஒன்று கறுப்பு முனையிலோ ஆம்பின் இரும்பு உடம்பிலோ பட்டாலும் அவுட்புட் ஷார்ட் ஆகும். பிசிறு இல்லாமல் வயரை முறுக்கி மாட்டுங்கள்.

வால்யூமை முழுக்கக் குறைத்து ஆன் செய்து, குடமும் உடுக்கும் நன்றாகக் கேட்கும் பதிவு ஒன்றைப் போட்டு மெல்ல ஏற்றுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் ஆம்ப் சீக்கிரம் கொதிக்கும், மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) பக்கம் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் உடனே அணைத்து, ஓம்ஸை மறுபடி அளந்து பாருங்கள்.