'இராணுவப் பொலிஸ்' என்று எழுத முதல்

பிரேசில் செய்தி ஒன்றை மொழிபெயர்த்தபோது, ஆர்ப்பாட்டத்தைக் கலைக்க வந்தவர்களை 'இராணுவப் பொலிஸ்' என்று போட்டுவிட்டேன். அதை வாசித்துவிட்டு எங்கள் மாமா கேட்டார், "ஏன் தம்பி, அங்கே ஆமி ஆட்சியோ?" 'பொலிசியா மிலித்தார்' என்பதற்கு நேர் தமிழ் அதுதான், ஆனால் அது மாநில ஆளுநருக்குக் கீழே தெருவில் ரோந்து போகிற பொலிஸ், சிப்பாய்களைக் கவனிக்க அங்கே 'இராணுவத்தின் பொலிஸ்' என்று வேறொரு பிரிவு இருக்கிறது. அன்றிலிருந்து பெயரைத் தமிழாக்க முதல் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: இவர்கள் பிடிப்பது சிப்பாயையா, சனத்தையா?

பிரான்சின் ஜோந்தார்மெரியில் இருப்பவர்கள் படையினர்தான், ஆனால் கிராமப்புறத்தில் பொலிஸ் வேலை பார்ப்பதும் அவர்கள்தான், 2009 முதல் உள்துறை அமைச்சின் கீழ் வேறு. இத்தாலியின் காரபினியேரி இரண்டு வேலையும் செய்யும். இப்படியானவற்றைத் தமிழாக்கிக் குழப்பாமல் சொந்தப் பெயரையே எழுதி, என்ன வேலை என்று பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். ஜெர்மனியின் ஃபெல்ட்யேகர் நேரெதிர். பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் வேட்டைக்காரன் வருவான், பொலிஸ் வராது. ஆனால் அதுதான் அசல் இராணுவப் பொலிஸ்.

பீகாரில் 'மிலிட்டரி பொலிஸ்' என்று இருந்தது மாநில ஆயுதப் பொலிஸ். 2021இல் பெயரையே மாற்றிவிட்டார்கள், ஆனால் பழைய செய்திகளில் பழைய பெயர்தான் இருக்கும், அதையும் இராணுவத்தின் கணக்கில் எழுதக்கூடாது. எங்கள் விசேட அதிரடிப் படையும் அப்படித்தான்: உடுப்பைப் பார்த்து ஆமி என்று நினைத்தாலும் அது பொலிஸின் பிரிவு.

இலங்கையில் சரியான பெயர் இலங்கை இராணுவப் பொலிஸ் படையணி. 'திணைக்களம்' என்று எழுதுகிறார்கள், அது சிவில் பொலிஸுக்கு உரியது. தமிழ்நாட்டுச் செய்தியைப் பிரதி பண்ணி 'இராணுவக் காவல்துறை' என்று போடுவதும் நடக்கிறது. சொல்லில் பிழையில்லை, ஆனால் தொண்ணூறுகளை இங்கே கண்டவர்களுக்குக் காவல்துறை என்றவுடன் புலிகளின் காவல்துறை உடுப்புத்தான் ஞாபகம் வரும், ஆகவே இங்கே பொலிஸ் என்றே விடுங்கள்.

அப்புறம் 'மிலிட்டரி பொலிஸ்' என்பதன் எம்.பி. என்ற சுருக்கம். அவர்களின் கைப்பட்டியில் இருக்கிறதே என்று அப்படியே எழுதினால், "எம்.பி. வந்து இரண்டு சிப்பாய்களைப் பிடித்துக்கொண்டு போனார்" என்ற வசனத்துக்கு யாழ்ப்பாணத்தில் என்ன அர்த்தம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.