கொல்லையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு இடம்: தரையிலிருந்து தொடங்குங்கள்

கொல்லையில் பிள்ளைகள் விளையாட இடம் அமைக்கப் போகிறீர்களா? ஊஞ்சல், சறுக்குமரம் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். ஏறுகிற பிள்ளை என்றைக்காவது விழத்தான் செய்யும். எதன்மேல் விழுகிறது என்பதைத்தான் நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும். என் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி தரைக்கே போனது. அதையே உங்களுக்கும் சொல்வேன்.

இடம் பார்ப்பது

சாயங்காலம் நாலு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்து, சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிழக்கே இடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாலை வெயிலை வீடே மறைத்துவிடும். கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் மூடி எதுவும் அந்தக் கோட்டுக்குள் வரக்கூடாது. வெளியே இருந்தாலும் பூட்டுப் போட்ட கம்பி மூடி கட்டாயம். அரளிச் செடி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். இலை, பூ, விதை எல்லாமே விஷம். வேலியில் குன்றிமணிக் கொடி படர்ந்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அளவு

ஏறுகிற சாமான் எதுவானாலும் எல்லாப் பக்கமும் 6 அடி வெறும் இடம் வேண்டும். 3க்கு 3 அடி ஏணிச் சட்டம் வைத்தால் 15க்கு 15 அடி ஆகிவிடுகிறது. ஊஞ்சல் இன்னும் அதிகம் கேட்கும். தொங்கும் புள்ளி எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு முன்னால், இரண்டு மடங்கு பின்னால் விட வேண்டும். 7 அடி உயரக் கிளை என்றால் மொத்தம் 28 அடி. அவ்வளவு இடம் இல்லையென்றால் ஊஞ்சலை விட்டுவிடுங்கள். மதில் சுவரை ஒட்டி ஊஞ்சல் கட்டவே கூடாது.

தரை

இங்கேதான் நிதானமாக வேலை செய்ய வேண்டும்.

முதலில் ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, சாயங்காலம் தண்ணீர் ஊற்றிவையுங்கள். மறுநாள் காலையில் வற்றியிருந்தால் செம்மண், மணற்பாங்கான தரை, ஒரு அடி தோண்டி மணல் நிரப்பலாம். தண்ணீர் அப்படியே நின்றால் களிமண். அங்கே பள்ளம் தோண்டினால் ஐப்பசி மழைக்கு அது குட்டையாகிவிடும், மணல் நாறிப்போகும். தோண்டாமல் தரைக்கு மேலே கட்டுங்கள். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு மண் வரப்பு, உள்ளே மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மணலைத் தடுக்கும் துணி), அப்புறம் மணல். ஜல்லி மட்டத்தில் வரப்பைத் துளைத்து ஒரு இரண்டங்குல பிவிசி பைப் வையுங்கள், தண்ணீர் அந்த வழியாக வடிந்துவிடும். தாழ்ந்த பக்கம் எது என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பைப்பின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வரப்புக்குச் செங்கல் எனக்குப் பிடிக்காது, அதன் முனை மண்டையைப் பதம் பார்க்கும். அறுகம்புல் பதித்த மண் வரப்பு மெத்தென்று இருக்கும், பிள்ளைகள் அதிலேயே உட்கார்ந்தும் கொள்வார்கள்.

மணல் எவ்வளவு? அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டில் 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கு 9 அங்குல மணல் என்று கணக்கு இருக்கிறது. மணல் அமுங்கும் என்பதால் 12 அங்குலம் கொட்டுங்கள். 15க்கு 15 அடி இடத்துக்கு 225 கன அடி, அதாவது இரண்டேகால் யூனிட். சட்டத்தின் உயரத்தை 4 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எம்-சாண்ட் வேண்டாம். உடைத்த கல் என்பதால் துகள்கள் கூராக இருக்கும், நனைந்து காய்ந்தால் இறுகிவிடும். சலித்த ஆற்றுமணலே நல்லது.

ஊஞ்சல்

வேம்பு, புளி, மா மூன்றும் சரி. முருங்கைக் கிளை சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும். கிளை குறைந்தது 8 அங்குலக் கனம் இருக்க வேண்டும், பட்டுப்போன கிளையாக இருக்கக்கூடாது. கடையில் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நைந்துவிடும். தேங்காய் நார்க் கயிறு மழையில் இற்றுவிடும். நான் வாங்குவது கால்வனைஸ்டு சங்கிலிதான். பிள்ளைகள் பிடிக்கிற இடத்தில் மட்டும் தோட்டத்து ஹோஸ் குழாயை மாட்டிவிட்டால் விரல் நசுங்காது. உட்காரப் பலகை வேண்டாம், ரப்பர் பெல்ட் இருக்கை போடுங்கள். ஆடிக்கொண்டிருக்கும் பலகை குறுக்கே வரும் குழந்தையின் நெற்றியில்தான் அடிக்கும்.

ஊஞ்சலுக்கு நேர் கீழே கால் உரசி உரசி மணல் ஒதுங்கிப் பள்ளமாகும். ஓரத்தில் ஒரு அடி இருக்கும், நடுவில் நாலு அங்குலம்கூட இருக்காது. பிள்ளை விழுவது அந்த நடுவில்தான். மரத்திலோ சட்டத்தின் கம்பத்திலோ, மணலின் அடிமட்டத்திலிருந்து 12 அங்குல உயரத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, வாராவாரம் மணலை வாரி இழுத்து அந்தக் கோட்டுக்குச் சரி செய்யுங்கள்.

சறுக்குமரம், ஏணி

இரும்புச் சறுக்குமரம் நிழலில் மட்டும். ஏணிப் படிகளுக்கு நடுவிலும் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலும் உள்ள சந்து மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாகவோ 9 அங்குலத்துக்கு அதிகமாகவோ இருக்க வேண்டும். இடைப்பட்ட அளவில் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

பின்சேர்க்கை

மணலில் பூனை அசுத்தம் செய்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். ராத்திரி பச்சை நிழல்வலையை விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். தார்ப்பாய் போட்டால் அடியில் ஈரம் தங்கும், வலையே போதும்.

ஏறி விளையாட டயர் வைத்தவர்கள் கவனிக்க: டயருக்குள் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். அடிப்பக்கம் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள். கார் டயருக்குள் எஃகுக் கம்பி இருக்கும், அதை அறுத்துப் பயன்படுத்தாதீர்கள்.

வாடகை வீட்டில் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு: மரத்தில் போல்ட், தரையில் கான்கிரீட் எதுவும் வேண்டாம். மண் வரப்பும் மணலும் மட்டும் போடுங்கள், பழைய பாத்திரம் நாலு, ஒரு வாளித் தண்ணீர் போதும். பிள்ளைகள் விளையாடி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.