பிஎச்பி - மைஎஸ்கியூஎல்: படிவத்தில் காலியாக விட்டதை எப்படிச் சேமிப்பது?

டேட்டாபேஸ் இணைப்பும் படிவமும் தயார் என்றே எடுத்துக்கொள்கிறேன். நம் உதாரணம் மாணவர் சேர்க்கைப் படிவம்: பெயர், மின்னஞ்சல், பிறந்த தேதி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை. பெயர் மட்டும் கட்டாயம்.

காலியாக விட்ட பெட்டியும் சர்வருக்கு '' என்ற வெற்று ஸ்ட்ரிங்காக வந்து சேரும். அதை அப்படியே சேர்த்தால் தேதிக்கான காலத்தில் (column, டேபிளின் நெடுவரிசை) 1292, எண்ணுக்கான காலத்தில் 1366 என்று மைஎஸ்கியூஎல் பிழை காட்டும். தவறான மதிப்பை ஏற்காமல் இப்படிப் பிழை காட்டுவது ஸ்ட்ரிக்ட் மோட்; மைஎஸ்கியூஎல் 5.7 பதிப்பிலிருந்து அது தானாகவே இயங்குகிறது. அதை அணைத்துவிடச் சொல்பவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அணைத்தால் எண் 0 ஆகும், தேதி 0000-00-00 ஆகும். பதில் சொல்லாதவரும் 'யாரும் இல்லை' என்றவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

படி 1: கட்டாயமில்லாத காலங்களுக்கு டேபிளில் 'நல்' (NULL, மதிப்பே இல்லை என்று பொருள்) அனுமதி கொடுங்கள். மின்னஞ்சலுக்கு யுனிக் இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுப்பது) இருந்தால் இது மிக முக்கியம். '' இரண்டாம் முறை வந்ததுமே 1062 பிழை வரும். 'நல்' எத்தனை முறையும் வரலாம்.

படி 2: பலரும் தடுக்கி விழும் இடம் இது. முதலில் டிரிம் செய்யுங்கள், அதாவது முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குங்கள். பிறகு காலியா என்று பார்க்க 'எம்ப்டி' ஃபங்ஷனை மட்டும் பயன்படுத்தாதீர்கள். பிஎச்பியில் அது "0" என்பதையும் காலி என்றே சொல்லும். உடன்பிறந்தோர் 0 என்று கவனமாக நிரப்பிய மாணவரின் பதில் பிழைச் செய்தி எதுவும் வராமலே தொலைந்துபோகும். மூன்று சமக்குறி போட்டு '' உடன் ஒப்பிடுங்கள். பொருந்தினால் 'நல்', இல்லையென்றால் உள்ள மதிப்பு. இதை ஒரே ஃபங்ஷனாக எழுதி எல்லாப் பெட்டிகளுக்கும் அதையே கூப்பிடுங்கள்.

படி 3: பிடிஓவில் (PDO, டேட்டாபேஸுடன் பேச பிஎச்பி தரும் வழி) எஸ்கியூஎல் வரியைக் கேள்விக்குறிகளோடு பிரிபேர் செய்து, கேள்விக்குறிகளுக்கு மதிப்புகளை எக்ஸிகியூட்டில் கொடுங்கள். பிஎச்பியின் இன்னொரு வழியான மைஎஸ்கியூஎல்ஐயைவிட (mysqli) எனக்கு இதுதான் பிடிக்கும். கொட்டேஷன் போட்டு மதிப்புகளை எஸ்கியூஎல் வரியில் ஒட்டினால், 'நல்' மறுபடியும் '' ஆகிவிடும்.

சரிபார்க்க, டேபிளைத் திறந்து பார்க்கும் மென்பொருளான டிபீவரைப் பரிந்துரைக்கிறேன். 'நல்' தனியாகத் தெரியும். பிஎச்பி ஃபிரேம்வொர்க்கான லாராவெல் பயன்படுத்தினால், 5.4 முதல் வெற்று ஸ்ட்ரிங்கை 'நல்' ஆக்கும் மிடில்வேர் (கோரிக்கையை இடையில் கையாளும் நிரல்) கூடவே வருகிறது.

பின்சேர்க்கை: டிக் செய்யாத செக்பாக்ஸ் '' ஆகக்கூட வராது, அந்தப் பெயரே வராது. இரட்டைக் கேள்விக்குறி (??) போட்டு, வராதபோது 0 கொடுங்கள்.

இன்னொன்று: டிரிம் செய்தும் பெட்டி காலியாகவில்லை என்றால், வேறெங்கோ இருந்து ஒட்டிய பிரேக் ஆகாத இடைவெளி (non-breaking space) உள்ளே இருக்கலாம். டிரிம் அதைத் தொடாது. யூனிகோட் ரெகெக்ஸ் (எழுத்து வடிவங்களைத் தேடும் விதி) கொண்டு நீக்குங்கள்.