கிலோமீட்டர் கல்லும் வரைபடக் கோடும்: லீனியர் ரெஃபரன்சிங் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுஞ்சாலைப் பதிவேடுகளில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அரிதாகத்தான் இருக்கும். விபத்து, பாலம், வேகவரம்பு, சாலையின் மேற்பரப்பு நிலை என எதுவானாலும் சாலை எண்ணையும் கிலோமீட்டரையும் வைத்தே எழுதுவார்கள். அந்தக் குறிப்பை வரைபடத்தில் இடமாக மாற்றுவதுதான் லீனியர் ரெஃபரன்சிங். இதற்கு ரூட் எனப்படும் சாலைக்கோடு வேண்டும். அந்தக் கோட்டை உருவாக்கும் புள்ளிகளில் மெஷர் என்ற எண் (எம் மதிப்பு) இருக்க வேண்டும். எந்த ரூட்டில், எந்த மெஷரில், என்ன இருக்கிறது என்று சொல்லும் ஈவென்ட் (பதிவு) அட்டவணையும் வேண்டும். கருத்து எளிது. சிக்கல் என்னவென்றால், மென்பொருள் தவறான இடத்தையும் சரியான இடத்தைப் போலவே அழகாக வரைந்துவிடும்.

புதியவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை: மெஷரை நீளம் என்று எடுத்துக்கொள்வது. மெஷர் என்பது கதவு எண் மாதிரி. 20ஆம் எண் வீட்டுக்கும் 21ஆம் எண் வீட்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று அந்த எண்கள் சொல்வதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. 20ஆம் கல்லுக்கும் 21ஆம் கல்லுக்கும் இடையே இருந்த வளைவை எப்போதோ நேராக்கிவிட்டார்கள். கற்களின் எண்களை மாற்றவில்லை. இப்போது இடைவெளி 870 மீட்டர்தான். கோட்டின் நீளத்தை வைத்தே ரூட்டை உருவாக்கினால், 21க்குப் பிறகு வரும் எல்லா ஈவென்ட்களும் 130 மீட்டர் தள்ளி விழும். ஆர்க்ஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ‘கிரியேட் ரூட்ஸ்’ கருவி இயல்பாகத் தேர்ந்துவைத்திருப்பது இந்த நீள முறையைத்தான். கற்களின் இடங்களைப் புள்ளிகளாகக் கொடுத்து ‘காலிப்ரேட் ரூட்ஸ்’ கருவியால் அளவைத் திருத்திய பிறகே ரூட்டை நம்பலாம்.

திருத்தியபின்னும் ஒரு பொறி காத்திருக்கிறது. பதிவேட்டில் ‘20.9’ என்று இருந்தால் அதற்கு என்ன பொருள்? இரண்டு கற்களுக்கும் இடையே பத்தில் ஒன்பது பங்கு என்றால், 20ஆம் கல்லிலிருந்து 783 மீட்டர். கல்லிலிருந்து நாடா பிடித்து 900 மீட்டர் அளந்து எழுதியதென்றால், அந்த இடம் 21ஆம் கல்லையும் தாண்டி 30 மீட்டரில் இருக்கிறது. ஒரே எண்ணுக்கு 117 மீட்டர் வேறுபாடு! லீனியர் ரெஃபரன்சிங்குக்கான ஐஎஸ்ஓ 19148 தரநிலை, தொடக்கத்திலிருந்து அளப்பது, ஒரு குறியிடத்திலிருந்து அளப்பது, இடைப்பட்ட விகிதமாகச் சொல்வது என மூன்று முறைகளைத் தனித்தனியே பிரிப்பது இதனால்தான். களத்தில் எழுதியவர் எந்த முறையில் அளந்தார் என்று கேட்காமல் தரவை ஏற்றுவதுதான், என் கணிப்பில், இந்தத் துறையின் மிக விலையுயர்ந்த சோம்பல்.

எழுதும் வடிவமும் ஏமாற்றும். மீட்டர் கணக்கில் 12+350 என்றால் 12,350 மீட்டர். அமெரிக்க அடிக்கணக்கில் ஒரு ஸ்டேஷன் (சாலையை அளக்கும் அலகு) 100 அடி என்பதால் 12,350 அடியை 123+50 என்று எழுதுவார்கள். கூட்டல் குறியை நீக்கிவிட்டால் இரண்டும் ஒரே எண்ணாகிவிடும். 12 கிலோமீட்டர் 35 மீட்டரை யாராவது ‘12.35’ என்று தட்டச்சு செய்தால், அந்த ஈவென்ட் 315 மீட்டர் முன்னே ஓடிவிடும்.

திசையைக் கவனிக்காமல் விடுவது அடுத்த தவறு. கோட்டை எந்த முனையிலிருந்து வரைந்தார்களோ அங்கே மெஷர் தொடங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ‘கிரியேட் ரூட்ஸ்’ நீள முறையில் இயல்பாக மேல் இடது மூலைக்கு அருகிலுள்ள முனையைத் தொடக்கமாக எடுத்துக்கொள்ளும். சாலையின் பூஜ்ஜியம் தெற்கே இருந்தால் மொத்த ரூட்டும் தலைகீழாகிவிடும். நடுப்பகுதியில் இருக்கும் ஈவென்ட்கள் ஏறக்குறைய சரியான இடத்திலேயே விழுவதால் இது உடனே கண்ணில் படாது. இருவழித்தடங்கள் பிரிந்த சாலையில் தடத்துக்கொரு ரூட் வைப்பதா, ஒரே மையக்கோட்டில் இடம், வலம் என்று ஆஃப்செட் (பக்கவாட்டு விலகல்) கொடுப்பதா என்பதையும் முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். ஆஃப்செட்டின் கூட்டல் குறி எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பதை ஒவ்வொரு கருவியிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

செயற்கூறுகளின் (மென்பொருளில் கணக்கிட்டு விடை தரும் கட்டளைகளின்) பெயர் ஒன்றுபோல இருப்பதால் வரும் குழப்பம் தனி. போஸ்ட்ஜிஐஎஸ் என்ற இடத்தரவுத் தளத்தில் ‘லைன் லொகேட் பாயின்ட்’ தருவது 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஒரு விகிதம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏறத்தாழ அதே பெயரில் இருக்கும் செயற்கூறு தருவது கோட்டின் வழியே உள்ள தூரம். இரண்டுமே எம் மதிப்பு அல்ல. 112ஆம் கிலோமீட்டரில் தொடங்கும் 40 கிலோமீட்டர் ரூட்டில் 0.62 என்று விடை வந்தால், பலரும் 40ஆல் பெருக்கி 24.8 என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே நிற்கும் கல் 136ஐத் தாண்டியிருக்கும். எம் மதிப்பே வேண்டுமென்றால் போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ‘இன்டர்போலேட் பாயின்ட்’ என்று தனிச் செயற்கூறு இருக்கிறது.

தூரம் என்று வந்துவிட்டால் ஆயத்தொலைவு முறையையும் (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) பார்த்தாக வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகையில் உள்ள அடுக்கில் நீளம் டிகிரியில் வரும், அது பயன்படாது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் முறை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் விடை மீட்டரில் வந்து நம்பவைக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அந்த மீட்டர் ஊதிப்போகிறது: 30 டிகிரியில் சுமார் 15 சதவீதம் கூடுதல், 60 டிகிரியில் இரு மடங்கு. அந்தந்தப் பகுதிக்கு ஏற்ற, மீட்டரில் அளக்கும் யுடிஎம் மண்டலம் போன்ற முறைக்கு மாற்றிய பிறகே அளக்க வேண்டும்.

சில தவறுகள் சிறியவை, ஆனால் நாளைத் தின்பவை. எக்செலில் திறந்ததும் ‘007’ என்ற சாலை எண் 7 ஆகிவிடும், ரூட்டோடு பொருந்தாது. சாலைக்கோட்டில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி இருந்தால் துண்டுகள் ஒன்றாக இணையாது, ஒற்றைக் கோட்டை எதிர்பார்க்கும் செயற்கூறுகள் மறுத்துவிடும். ஜிபிஎஸ் புள்ளிகளை ரூட்டில் பொருத்தும்போது தேடல் ஆரம் பெரிதாக இருந்தால், பிரதான சாலையின் விபத்து சர்வீஸ் சாலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

வேகவரம்பு மாறும் இடத்திலெல்லாம் சாலைக்கோட்டையே வெட்டுகிற பழக்கத்தையும் விட வேண்டும். மேற்பரப்பு நிலை 0 முதல் 5 வரை ஒன்று, வேகவரம்பு 3 முதல் 8 வரை ஒன்று என்றால், அவற்றை இரண்டு ஈவென்ட் அட்டவணைகளாக வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது 0–3, 3–5, 5–8 என்று மேலடுக்கிக்கொள்ளலாம். கோட்டை வெட்டிவிட்டால் அடுத்த ஆண்டு வரம்பு மாறும்போது மறுபடியும் வெட்டி ஒட்ட வேண்டும்.

புறவழிச்சாலை வந்ததும் பழைய ரூட்டை அழித்துவிட்டுப் புதியதை வைப்பது இன்னொரு விபரீதம். பழைய விபத்துப் பதிவுகள் பழைய மெஷரில் எழுதப்பட்டவை. அவை புதிய கோட்டில் யாருமே போகாத இடங்களில் முளைக்கும். ரூட்டுக்கும் ஈவென்ட்டுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி இரண்டையும் வைத்துக்கொண்டு, அந்தந்தக் காலத்து ரூட்டில்தான் அந்தந்தப் பதிவைப் பொருத்த வேண்டும்.

சரிபார்ப்பதற்கு நான் பரிந்துரைப்பது இதுதான். ஆர்க்ஜிஐஎஸ்ஸில் ‘மேக் ரூட் ஈவென்ட் லேயர்’ இயக்கும்போது இடம் காணும் பிழைகளுக்கான புலத்தை உருவாக்கச் சொல்லுங்கள். இயல்பாக அது உருவாகாது. பொருந்தாத வரிகள் வரைபடத்தில் வெறுமனே காணாமல் போயிருக்கும், அந்தப் புலத்தில்தான் காரணம் தெரியும். பிறகு இடம் உறுதியாகத் தெரிந்த பாலங்களையோ சந்திப்புகளையோ ரூட்டின் தொடக்கத்தில், நடுவில், முடிவில் எடுத்து, பதிவேட்டின் மெஷரோடு ஒப்பிடுங்கள். விலகல் எங்கும் ஒரே அளவாக இருந்தால் தொடக்க மெஷர் தவறு. போகப்போகக் கூடினால் அலகோ ஆயத்தொலைவு முறையோ காரணமாக இருக்கலாம். ஓரிடத்தில் திடீரென்று குதித்தால், அந்த இடத்தில் சாலையை மாற்றியமைத்திருக்கிறார்களா என்று பழைய வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.