மேக்கர் திருவிழாவுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: ஒரு பொருளையாவது செய்து முடிப்பது எப்படி?

பொருள்களைத் தாங்களே செய்பவர்கள், அதாவது மேக்கர்கள், தங்கள் வேலையைக் காட்டிக் கற்றும் தரும் திருவிழா இது. 2006-இல் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோவில் முதல் மேக்கர் ஃபேர் நடந்தது. இப்போது அதே பாணியில் பல நாடுகளில் திருவிழாக்கள் நடக்கின்றன. ரோபோ, மண்பாண்டம், தறி, லேசர் கட்டர், மரவேலை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். புதிதாக வருபவர்கள் எல்லா அரங்குகளையும் பார்த்துவிட ஓடி, மாலையில் கால்வலியோடும் செல்போன் நிறையப் படங்களோடும் திரும்புகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரே ஒரு பொருளை உங்கள் கையால் முழுதாகச் செய்து முடிப்பதையே அன்றைய இலக்காக வையுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: முந்தைய நாள்

பயிலரங்குகளின் நேர அட்டவணையை எடுத்து, இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று முதல் விருப்பம், மற்றது அதில் இடம் கிடைக்காவிட்டால் போவதற்கு. முன்பதிவு உண்டா, வயது வரம்பு என்ன, கிட்டுக்கு (செய்யத் தேவையான பாகங்களின் தொகுப்பு) தனிக் கட்டணமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிட்டுகள் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கும், மதியத்துக்குள் தீர்ந்துபோவது சகஜம்.

விரல்களை மூடிய காலணியும் பருத்தி உடையும் போதும். பாலியஸ்டர் துணியில் சூடான உலோகத் துளி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, நீள முடி எல்லாவற்றையும் கட்டிக்கொள்ள ஒரு ரப்பர் பேண்ட் வேண்டும். பையில் நோட்டு, பேனா, மாஸ்கிங் டேப், செய்ததை வைக்க ஒரு கெட்டியான டப்பா, தண்ணீர். குழந்தைகளை அழைத்துப் போனால் காதடைப்பானும் எடுத்துக்கொள்ளுங்கள். ரோபோச் சண்டை நடக்கும் இடத்தில் இரைச்சல் அதிகம்.

படி 2: உள்ளே நுழைந்ததும்

வேறெங்கும் நிற்காமல் நேராகப் பயிலரங்கு மேசைக்குப் போய்ப் பெயர் கொடுங்கள். உங்கள் நேரம் வரும்வரை அரங்கை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வரவேண்டிய இடங்களை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

படி 3: சால்டரிங் மேசை

எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதவர்களுக்கு நாங்கள் சொல்வது இதைத்தான். சால்டர் என்ற உலோகக் கம்பியை உருக்கி மின்னணுப் பாகங்களைப் போர்டில் இணைப்பதுதான் சால்டரிங். ஒளிரும் பேட்ஜ் கிட்டை அரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம். அங்கே பழகும் கை பிறகு எந்த மின்னணு வேலைக்கும் உதவும். கிட்டில் பொதுவாக ஒரு சர்க்யூட் போர்டு, இரண்டு எல்இடி, சிஆர்2032 பட்டன் பேட்டரி, அதற்கான தாங்கி, பின்னால் ஒரு ஊக்கு இருக்கும்.

முதலில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எல்இடியின் நீளமான கால் பாசிட்டிவ். விளிம்பில் தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். போர்டில் அச்சிட்ட வட்டத்திலும் ஒரு தட்டைப் பக்கம் இருக்கும், இரண்டையும் பொருத்திச் செருகுங்கள். கால்களைப் பின்புறம் சற்றே விரித்து வளைத்தால் போர்டைக் கவிழ்த்தாலும் விழாது.

ஈயம் கலந்த 60/40 சால்டர் கம்பி 190 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். ஈயமில்லாதது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். எதுவானாலும் அயர்னின் (சால்டரை உருக்கும் சூட்டுக்கோல்) முனை 350 டிகிரியை ஒட்டி இருந்தால் வேலை சுலபம். முனையை ஈரப் பஞ்சில் துடைத்து, துளி சால்டர் தொட்டுப் பளபளப்பாக்குங்கள். இனி வரிசை முக்கியம். முனை போர்டின் செம்பு வளையத்தையும் எல்இடியின் காலையும் ஒரே சமயத்தில் தொட வேண்டும். இரண்டு விநாடி பொறுங்கள். பிறகு கம்பியை எதிர்ப்பக்கத்தில் இருந்து, முனையில் படாமல், இணைப்பில் வையுங்கள். உருகிப் பரவியதும் முதலில் கம்பியை எடுங்கள், அடுத்து அயர்னை. ஆறும்வரை போர்டை அசைக்கக் கூடாது.

நல்ல இணைப்பு காலைச் சுற்றிச் சரிவான கூம்பாக நிற்கும். உருண்டையாக நின்றால் வளையம் சூடாகவில்லை என்று பொருள். கம்பியை முனையில் உருக்கிச் சொட்ட விடுவதால் வருவது இது, தொடக்கநிலையில் இதுவே அதிகம் நடக்கும் தவறு. அதே இடத்தை மறுபடி சூடாக்கிச் சிறிது புதிய சால்டர் கொடுத்தால் சரியாகிவிடும். அதிலுள்ள ஃப்ளக்ஸ்தான் உலோகத்தின் ஆக்சைடு படலத்தை நீக்கிச் சால்டரைப் பரவச் செய்கிறது. எழும் புகையும் ஃப்ளக்ஸின் புகைதான். முகத்தை நேர் மேலே வைக்காதீர்கள். மிச்சக் காலை வெட்டும்போது விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தெறிக்கும். முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

எரியவில்லையா? பேட்டரி தலைகீழாக இருக்கலாம், அல்லது எல்இடி திரும்பியிருக்கலாம். சிவப்பு எரிந்து நீலம் எரியாவிட்டால் காரணம் வேறு. சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு ஏறக்குறைய 3 வேண்டும். இரண்டையும் ஒரே 3 வோல்ட் பட்டன் பேட்டரியில் இணையாக வைத்தால் சிவப்பு மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். ஒரே நிறமாகப் போடுங்கள். பட்டன் பேட்டரியின் உள்தடை அதிகம் என்பதால், மின்னோட்டத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் இல்லாமலே பேட்ஜ் ஓடும். வீட்டில் 9 வோல்ட் பேட்டரியில் முயன்றால் அப்படி விடக் கூடாது: சிவப்பு எல்இடிக்கு 9-இல் 2 போக 7 வோல்ட், அதை எல்இடி வழியே ஓட வேண்டிய மின்னோட்டமான 0.015 ஆம்பியரால் வகுத்தால் 467 ஓம். கடையில் கிடைக்கும் 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வையுங்கள்.

படி 4: மற்ற மேசைகள்

களிமண் மேசையில் செய்வது அன்று முடியாது. சூளையில் சுடாத பானை தண்ணீர் பட்டால் மறுபடி மண்ணாகிவிடும். எனவே யார் சுட்டுத் தருவார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். எடுத்துப் போவதானால் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் பலகையோடு தூக்குங்கள். மேலே பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போர்த்தி மெதுவாகக் காய விடுங்கள். கைப்பிடி உடம்பைவிட வேகமாகக் காய்ந்தால் ஒட்டிய இடத்தில் விரிசல் விழும்.

லேசர் கட்டருக்குச் சொந்தத் தகடு கொண்டு போனால் அது பிவிசி என்ற பிளாஸ்டிக் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். நுரையீரலுக்கும் கேடு, இயந்திரமும் துருப்பிடிக்கும்.

படி 5: செய்தவர்களிடம் பேசுதல்

“இது எப்படி வேலை செய்கிறது?” என்றால் நூறு முறை சொன்ன பதிலே வரும். “இதில் எந்தப் பகுதி அடிக்கடி உடைந்தது?”, “மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முகம் மலர்ந்து, மேசைக்கு அடியில் இருந்து பழைய மாதிரிகளை எடுத்துக் காட்டுவார்கள். திருவிழாவின் மிகப் பெரிய பாடம் அந்த உடைந்த மாதிரிகளில்தான் இருக்கிறது. படம் எடுக்கும் முன் கேளுங்கள். குறிப்பில் பாகத்தின் எண், பொருளின் தடிமன், பசையின் வகை ஆகியவற்றை அப்போதே எழுதிவிடுங்கள்.

படி 6: வீட்டுக்கு வந்ததும்

டப்பாவில் மாஸ்கிங் டேப் ஒட்டி, என்ன கிட், எந்தப் பேட்டரி என்று எழுதி வையுங்கள். அதே இணைப்பை ஒரு வெற்றுப் போர்டில் 20 முறை செய்து பழகுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் பேட்ஜின் பட்டன் பேட்டரியை அன்றிரவே கழற்றி, இருபுறமும் டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிகளுக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.