கையில் தொடங்கி முள்கரண்டி வரை: பிள்ளைகளுக்குச் சாப்பிடும் முறையைக் கற்றுத்தருவது எப்படி?

கொங்கு நாட்டில் வளரும் பிள்ளை இரண்டு விதமான விருந்துகளில் உட்கார வேண்டியிருக்கிறது. ஒன்று, மண்டபத்தில் தலைவாழை இலை போட்டு நடக்கும் கல்யாணப் பந்தி. மற்றொன்று, தட்டின் இரு பக்கமும் முள்கரண்டியும் கத்தியும் வைத்திருக்கும் மேசை. கோவை அவிநாசி சாலையில் ஒரு ஹோட்டலுக்குப் போனாலும், திருப்பூரில் பின்னலாடை வாங்க வந்த வெளிநாட்டினரோடு விருந்துக்குப் போனாலும் அந்த மேசை காத்திருக்கும். இரண்டு இடத்திலும் கூச்சமில்லாமல் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்குத் தொந்தரவு தராமல் சாப்பிட்டு எழுவதற்குப் பிள்ளையை எப்படிப் பழக்குவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

பல பெற்றோர் முதலில் கடைக்குப் போய்க் குழந்தைகளுக்கான ஸ்பூன், முள்கரண்டி செட் வாங்கி வருகிறார்கள். அதற்கு அவசரமில்லை. கையால் நன்றாகச் சாப்பிடத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற எல்லாம் சுலபமாக வரும். சோற்றைப் பிசைந்து அள்ளுவது முக்கியமாகக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் வேலை. ஸ்பூனைப் பிடிப்பதும் பிறகு பென்சிலைப் பிடிப்பதும் அதே மூன்று விரல்கள்தான். ஐந்து வயது வரை ஊட்டிவிட்டே வளர்த்த பிள்ளையின் விரல்களுக்கு இந்தப் பழக்கம் கிடைப்பதில்லை.

உட்காரும் விதம்

தரையில் என்றால் சம்மணம் போட்டு உட்காரட்டும். சின்னப் பிள்ளைக்கு ஒரு தடுக்கோ மணையோ போட்டால் ஒரே இடத்தில் இருக்கும். நாற்காலி என்றால் கவனிக்க வேண்டியது கால்களைத்தான். கால் தொங்கினால் பிள்ளை நெளியும், சறுக்கும், ஒரு பக்கமாகச் சாயும். அதைக் குறும்பு என்று நினைத்துத் திட்டுகிறோம். காலுக்கடியில் ஒரு முக்காலியை வைத்துப் பாருங்கள், பாதி நெளிவு நின்றுவிடும். மேசையின் மேல்பரப்பு பிள்ளையின் முழங்கை உயரத்துக்கு இருக்க வேண்டும். தாழ்வாக உட்கார்ந்திருந்தால் நாற்காலியில் ஒரு தலையணை போடுங்கள்.

சாப்பிடும் முன் சோப்பு போட்டு 20 விநாடியாவது கை கழுவ வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அணைந்திருக்க வேண்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து.

கையால் சாப்பிடுவது

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கிய பிறகு, குழந்தை தானாகத் தட்டில் கை வைக்கும் நாள் வரும். தடுக்காதீர்கள். குழைந்த சோற்றைக் கொஞ்சமாக வைத்து விட்டுவிடுங்கள். சட்டையெல்லாம் ஆகும், துவைத்துக்கொள்ளலாம்.

இரண்டு வயதுக்கு மேல் முறையைச் சொல்லித் தரலாம். விரல்களின் முன்பகுதியால் மட்டும் பிசைய வேண்டும், உள்ளங்கையில் சோறு படக் கூடாது. நான்கு விரல்களை ஒன்றாகச் சேர்த்துச் சின்னக் கவளமாக எடுத்து, வாயருகே கொண்டுவந்து, கட்டைவிரலால் உள்ளே தள்ள வேண்டும். விரல்கள் வாய்க்குள் போக வேண்டியதில்லை. இதை வாயால் விளக்குவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் செய்து காட்டுவது பலன் தரும்.

இதற்கு நல்ல பயிற்சி ராகிக் களி. விரல்களைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு களியில் கொஞ்சம் கிள்ளி, உருட்டி, கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி அழுத்தி, கொள்ளுக் குழம்பிலோ கீரைக் கடைசலிலோ தொட்டு எடுக்க வேண்டும். இந்த ஒரு வேலையில் விரல்களுக்கு வேண்டிய எல்லாப் பயிற்சியும் இருக்கிறது. பெரியவர்கள் களியை மெல்லாமல் விழுங்குவார்கள். பிள்ளைகள் மென்றே சாப்பிடட்டும்.

வலக் கையால் சாப்பிடும்போது இடக் கை சுத்தமாக இருக்க வேண்டும். தண்ணீர் டம்ளரை எடுப்பதும், குழம்புக் கரண்டியைப் பிடிப்பதும், பாத்திரத்தை அடுத்தவருக்கு நகர்த்துவதும் அந்தக் கைதான். எச்சில் கையால் பொதுப் பாத்திரத்தைத் தொடக் கூடாது என்பதை மூன்று வயதுப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

வீட்டில் பாட்டி, அதாவது அம்மிச்சியோ ஆத்தாவோ இருந்தால் அவர்களுக்கு ஊட்டிவிடும் ஆசை இருக்கும். பிள்ளை இரண்டு வாய் குறைவாகச் சாப்பிட்டால்கூட அவர்களுக்குத் தாங்காது. "ஊட்டாதீர்கள்" என்று சொல்லி மனம் நோகச் செய்ய வேண்டாம். "நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்க, உங்களைப் பார்த்துத்தான் கத்துக்கணும்" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கப்போவதில்லை.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். கையில் தட்டியோ திட்டியோ மாற்ற முயலக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஸ்பூனை எந்தக் கையில் பிடிக்க விரும்புகிறதோ அந்தக் கையில் பிடிக்கட்டும். சோற்றைப் பிசைவதற்கு வலக் கையைப் பழக்க விரும்பினால், வீட்டில் அமைதியாகச் செய்து காட்டுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். உறவினர் யாராவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான், பிள்ளை அல்ல.

பந்தியில்

கல்யாணத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை இலை போட்டுப் பழக்குங்கள். இலையின் குறுகிய நுனி சாப்பிடுபவரின் இடப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது அகலமான பகுதி வலக் கைக்கு வரும், பிசைய இடம் கிடைக்கும். தண்ணீர் தெளித்து இலையைத் துடைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை, அவர்களிடமே கொடுங்கள். மேல் பாதியில் உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு; கீழ்ப் பாதியில் சோறு. ரசம் ஊற்றும் முன் சோற்றில் ஒரு குழி செய்து கரை கட்டக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் ரசம் பக்கத்து இலைக்கோ மடிக்கோ ஓடும். கறிவேப்பிலை, மிளகாய், எலும்பு எல்லாம் இலையின் ஓரத்தில் ஒரே இடத்தில் சேர வேண்டும்.

பரிமாற வருபவரிடம் பேசும் விதம் இதில் பெரிய பங்கு. வேண்டாம் என்றால் முகத்தைச் சுளிக்காமல், கையை இலைக்கு மேலே காட்டி "போதுங்க" என்று சொல்ல வேண்டும். வேண்டும் என்றால் "இன்னும் கொஞ்சம் வையுங்க". நம் ஊரில் பிறந்த பிள்ளைக்கு இந்த "ங்க" வீட்டிலேயே காதில் விழுந்துகொண்டிருக்கும். பரிமாறுபவருக்கும் அந்த மரியாதை உண்டு என்று நாம்தான் பேசிக் காட்ட வேண்டும். கேட்டு வாங்கியதை மீதி வைக்கக் கூடாது. அதனால் முதலில் கொஞ்சமாக வாங்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் இலையின் மேல் பாதியை நம் பக்கமாக மடிப்பது விசேஷ வீட்டு வழக்கம். துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்பார்கள். வரிசையில் இருக்கும் பெரியவர்கள் முடிக்கும் வரை எழாமல் இருப்பது நல்லது. சின்னப் பிள்ளையால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு எழட்டும்.

ஸ்பூன்

ஒரு வயதை ஒட்டிக் குழந்தை நம் கையில் இருக்கும் ஸ்பூனைப் பிடுங்கும். கைப்பிடி குட்டையாகவும் சற்றுத் தடிமனாகவும், குழி ஆழமில்லாமலும் உள்ள ஸ்பூனை அதன் கையில் கொடுங்கள். முதலில் முஷ்டியால்தான் பிடிக்கும். அது சரியே, திருத்த வேண்டாம். மூன்று, நான்கு வயதில் விரல்கள் வலுப்பெற்ற பிறகு பென்சில் பிடிப்பதைப் போல மாற்றலாம்: கைப்பிடி நடுவிரல் மேல் படுத்திருக்கும், ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் மேலிருந்து பிடிக்கும்.

முதல் பயிற்சிக்கு ஒட்டும் உணவு வேண்டும். அரிசியும் பருப்பும் சாதத்தைக் கொஞ்சம் குழைய வைத்தால் ஸ்பூனைக் கவிழ்த்தால்கூட உடனே கொட்டாது. தயிர் சாதமும் நல்லது. ரசம், பாயசம் எல்லாம் பிறகு.

கற்றுத்தரும்போது எதிரில் உட்காராமல் பிள்ளையின் பின்னாலோ பக்கத்திலோ உட்காருங்கள். அப்போதுதான் உங்கள் கையும் அதன் கையும் ஒரே திசையில் அசையும். வேலையின் கடைசிப் பகுதியை முதலில் விட்டுக்கொடுங்கள். அதாவது, நீங்கள் அள்ளி, வாய்க்குப் பக்கம் வரை கொண்டுபோங்கள். வாயில் வைப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது பழகியதும் பாதி வழியில் கையை எடுத்துவிடுங்கள். கடைசியாக அள்ளுவதையும் பிள்ளையிடம் விடுங்கள். ஒவ்வொரு முறையும் சாப்பாடு வாய்க்குள் போய் முடிவதால் பிள்ளைக்குச் சலிப்பு வராது. முதலிலேயே அள்ளச் சொன்னால் பாதியில் கொட்டும், அழுகை வரும்.

அரை ஸ்பூன் போதும். ஸ்பூன்தான் வாய்க்கு வர வேண்டும், தலை தட்டுக்குக் குனியக் கூடாது. சூப்பு குடிக்கப் பழக்க கிண்ணத்தில் கொள்ளு ரசம் ஊற்றிக் கொடுக்கலாம். மேற்கத்திய முறையில் ஸ்பூனை நம்மிடமிருந்து வெளிப்பக்கமாகத் தள்ளி அள்ளி, அதன் ஓரத்திலிருந்து உறிஞ்சும் சத்தமில்லாமல் குடிப்பார்கள்.

முள்கரண்டி

மூன்று வயதுக்கு மேல், முனை மழுங்கிய சின்ன முள்கரண்டி. முதலில் குத்துவது: பப்பாளித் துண்டு, வேகவைத்த உருளைக்கிழங்கு, நான்காக வெட்டிய இட்லி. பற்கள் மேல் பார்த்திருக்க, ஸ்பூனைப் போலவே பிடிக்கட்டும்.

அடுத்தது சுற்றுவது. இதற்குக் கடையில் நூடுல்ஸ் வாங்க வேண்டியதில்லை, இடியாப்பம் போல இழையாகப் பிழியும் நம் சந்தகை இருக்கிறது. எலுமிச்சைச் சந்தகையைத் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் ஒதுக்கி, முள்கரண்டியை அதில் ஊன்றி, இரண்டு மூன்று சுற்று சுற்றி எடுக்க வேண்டும். நிறைய இழைகளைக் குத்தினால் பெரிய பந்தாகிவிடும். நாலைந்து இழைதான் அளவு. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை என்றால் கையும் ஸ்பூனுமே பொருத்தம்.

கையால் சாப்பிடுவது மட்டம், முள்கரண்டி உயர்வு என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் விழக் கூடாது. ஐரோப்பாவிலும் நீண்ட காலம் கையால்தான் சாப்பிட்டார்கள். தாமஸ் கோரியட் என்ற ஆங்கிலேயர் இத்தாலியில் முள்கரண்டியைப் பார்த்து வியந்து 1611இல் அதைப் பற்றி எழுதினார். அவர் ஊர்க்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அவர் பிற்பாடு பெரும்பாலும் நடந்தே இந்தியா வரை வந்து, 1617இல் சூரத்தில் இறந்தார். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இரண்டும் இரண்டு வழக்கம் என்பது அவர்களுக்கு விளங்கும்.

கத்தியும் முள்கரண்டியும் சேர்ந்து

ஐந்து வயதில் மழுங்கிய வெண்ணெய்க் கத்தியால் தடவப் பழகலாம். சப்பாத்தியில் வெண்ணெய் தடவுவது போதும். பிறகு வாழைப்பழம் வெட்டுவது, அதன்பின் வெந்த கிழங்கு, தோசை. இரண்டு கையும் சேர்ந்து வேலை செய்வது ஏழெட்டு வயதில்தான் நன்றாக வரும். முன்கூட்டியே வற்புறுத்த வேண்டாம்.

பிடிக்கும் முறை இது. கத்தி வலக் கையில்: கைப்பிடியின் முனை உள்ளங்கையில் அடங்க வேண்டும், ஆள்காட்டி விரல் கத்தியின் முதுகுப் பக்கம், கைப்பிடி முடியும் இடத்தில் நீண்டிருக்க வேண்டும். முள்கரண்டி இடக் கையில்: பற்கள் கீழ் நோக்கி, ஆள்காட்டி விரல் அதன் முதுகில். முள்கரண்டியால் குத்தி உணவை அசையாமல் பிடித்து, அதற்கு ஒட்டினாற்போல் கத்தியை முன்னும் பின்னும் மெதுவாக இழுத்து அறுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் தட்டு சத்தம் போடும், துண்டு பறக்கும். ஒரு துண்டு வெட்டி அதைச் சாப்பிட்ட பிறகே அடுத்த துண்டு. முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும்.

நடுவில் ஓய்வு எடுத்தால் இரண்டையும் தட்டின் மேல் கூரை வடிவில் சாய்த்து வைக்க வேண்டும். முடித்துவிட்டால் பக்கத்தில் பக்கத்தில் நேராக. மேசையில் பரிமாறுபவர் இதைப் பார்த்துத்தான் தட்டை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார். ஒருமுறை பயன்படுத்தியதை மேசை விரிப்பின் மேல் வைக்கக் கூடாது. கத்தியை நக்கவோ, பேசும்போது ஆட்டவோ கூடாது. கீழே விழுந்தால் வேறு கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் இவற்றால் சாப்பிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். பள்ளிபாளையம் சிக்கனை எலும்போடு வைத்துக்கொண்டு பிள்ளையிடம் கத்தியைக் கொடுப்பது கொடுமை. அதைக் கையால் சாப்பிட்டால்தான் ருசி.

ஒரு எச்சரிக்கை. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு முழு நிலக்கடலை தர வேண்டாம், தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள். ஸ்பூனோ முள்கரண்டியோ வாயில் இருக்கும்போது எழுந்து ஓடுவதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

திருத்துவது

ஒரு வேளைக்கு ஒரு விஷயம் மட்டும் சொல்லுங்கள். இன்று வாயை மூடி மெல்லுவது என்றால் அது மட்டும், கொட்டியதைக் கண்டுகொள்ளாதீர்கள். விருந்தினர் முன்னால் திருத்தவே வேண்டாம், வீட்டுக்கு வந்து தனியாகச் சொல்லலாம். சாப்பாட்டை அரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். பிள்ளை போதும் என்றால் போதும்தான்.

முதல்முறை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகும்போது கூட்டமில்லாத நேரமாக, ஏழு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிள்ளை பசியின் உச்சத்தில் இருக்கக் கூடாது, காத்திருக்கும் நேரத்தில்தான் எல்லாம் கலையும். வீட்டில் பழகிய உணவையே ஒன்று சொல்லுங்கள். கைத்துண்டை மடியில் விரித்துக்கொள்ளட்டும். தனக்கு வேண்டியதைப் பரிமாறுபவரிடம் பிள்ளையே கேட்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். ஸ்பூன் போதும் என்று அன்று சொன்னால், முள்கரண்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அடுத்த முறைக்கு விட்டுவிடுங்கள்.