பாங்காக் பில் பெங்களூரில் செல்லாது

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு பாங்காக் டிரிப் இப்போது சாதாரணம். அங்கே கடையில் கஞ்சா விற்கிறார்கள், பில்கூடத் தருகிறார்கள். ‘பில் இருக்கே, அப்புறம் என்ன?’ என்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 ஜூனில், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று மாற்றியது. இரண்டும் அந்த நாட்டு எல்லைக்குள் மட்டும். கெம்பேகவுடா விமான நிலையத்தில் இறங்கியதும் நம் 1985 என்டிபிஎஸ் சட்டம்தான், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டம். பாங்காக்கிலிருந்து வரும் ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாமல் வளர்த்த) கஞ்சாவை அங்கே சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது.

‘தம்பி, இந்த பார்சலை மட்டும் கொண்டு வந்துடு, டிக்கெட் காசு நான் பார்த்துக்கறேன்’ என்று யாராவது கேட்டால் நின்று பேசவே வேண்டாம். சரக்கு உங்கள் பையில் கிடைத்துவிட்டால், தெரிந்தே கொண்டு வந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும் (பிரிவு 35). தெரியாது என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

‘கொஞ்சம்தானே’ என்பது அடுத்தது. கொஞ்சமும் குற்றம்தான், தண்டனைதான் குறைவு. அந்தக் ‘கொஞ்சம்’ பொருளுக்குப் பொருள் மாறும். கஞ்சாவில் 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. எக்ஸ்டசி என்கிற எம்டிஎம்ஏ போதைப்பொருளில் 10 கிராமைத் தாண்டினாலே போதும். வணிக அளவென்றால் குறைந்தது 10 வருடச் சிறை, ஜாமீன் குதிரைக்கொம்பு. கலப்படப் பொடியையும் சேர்த்துத்தான் எடை பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது.

போர்ச்சுகலில் எல்லாம் அனுமதி என்பதும் பாதி உண்மைகூட இல்லை. 2001 முதல் அங்கே சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவு வரை வைத்திருந்தால் கிரிமினல் வழக்கு இல்லை. ஆனாலும் தடை நீடிக்கிறது, விற்றால் ஜெயில். சிங்கப்பூர் நேர் எதிர். அங்கே பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கிய நம் ஆட்கள் பாங்காக்கில் இழுத்துவிட்டுத் திரும்பினாலும் வழக்கு வரும்.

பழக்கம் முற்றிய பிறகும் போலீஸுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. உபயோகித்த வழக்கோ சிறிய அளவு வழக்கோ இருந்தாலும், அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் நம் என்டிபிஎஸ் சட்டத்தின் பிரிவு 64ஏ அந்த வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. எங்கே போவது என்று கேட்க, மத்திய அரசின் இலவச எண் 14446.